டச்சப் செய்த முகம்

டிசம்பர் வந்தால் எனக்குப் பேப்பரைப் பிரிக்கவே பிடிக்காது. எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையின் நினைவு என்று ஏதாவது ஒரு பத்திரிகை அந்தப் போட்டோவைப் போட்டுவிடும். இப்போது கைபேசியிலும் வந்து தொலைக்கிறது. போன வாரம் நம் பள்ளிக்கூடத் தோழிகள் குழுவில் ஒருத்தி அதை அனுப்பி, ‘வீரர்களுக்கு வணக்கம்’ என்று எழுதியிருந்தாள். நீங்கள் எல்லோரும் வரிசையாகக் கை கூப்பினீர்கள். நான் மட்டும் வாய் திறக்கவில்லை. ‘உனக்கு என்னடி வந்தது, தேசபக்தியே இல்லையா?’ என்று ஒருத்தி கேட்டாளே, அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் படம் உங்களுக்கே தெரியும். முள்கம்பி வேலி. அதற்குப் பின்னால் பிடிபட்ட நம் சிப்பாய்கள் வரிசை வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், தோளில் கம்பளியோடு. முன்வரிசையில் ஒருத்தர் மட்டும் வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்து நம்மைப் பார்க்கிறார். எவனோ வெளிநாட்டுக்காரன் எடுத்தது, பரிசெல்லாம் வாங்கியதாம். எடுத்தவன் பேர் படத்துக்குக் கீழே இருக்கும். உட்கார்ந்திருக்கிறவர்களில் ஒருத்தர் பேர்கூட இருக்காது. அதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எனக்கு அப்போது பதினொரு வயது இருக்கும். எண்பதுகளின் ஆரம்பம். நாங்கள் பம்மலில் இருந்தோம். காற்று திரும்பினால் தோல் பதனிடும் டேனரியின் வாடை வீட்டுக்குள் வந்து சோற்றில் உட்காரும். விருந்தாளி மூக்கைப் பொத்தினால்தான் வாடை அடிப்பதே எங்களுக்கு ஞாபகம் வரும். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. அப்பா, அம்மா, நான், அத்தை என்று நாலு பேர். அத்தை அப்பாவின் தங்கை. அவளுடைய வீட்டுக்காரர், அதாவது என் மாமா, மிலிட்டரியில் இருந்தார். கல்யாணம் ஆன வருஷமே சண்டை வந்தது. போனவர் வரவில்லை. ‘காணவில்லை, இறந்ததாகக் கருதப்படுகிறது’ என்று தந்தி. கருதப்படுகிறதாம்! யார் கருதினார்கள், எதை வைத்துக் கருதினார்கள் என்று யாராவது சொன்னால்தானே?

அதனால் அத்தை எந்தக் கணக்கிலும் சேரவில்லை. கல்யாண வீடுகளில் சந்தனக் கிண்ணம் அவள் பக்கம் வரும்போது நீட்டுகிறவர்களுக்கு ஒரு தயக்கம் வரும். பொட்டு வைத்திருக்கிறாள், தாலி இருக்கிறது, ஆனால் ஆள் இல்லை. நீட்டலாமா, கூடாதா? அந்த ஒரு நிமிஷத்தைப் பார்க்கப் பொறுக்காமல் அத்தையே எழுந்து பந்தி கவனிக்கப் போய்விடுவாள்.

மாமாவோடு பட்டாளத்தில் ஒரே கம்பெனியில் இருந்த ஹவில்தார் ஒருத்தர் கோவிலம்பாக்கத்துக்காரர். காலில் குண்டு பாய்ந்து வீட்டுக்கு வந்தவர். அவர்தான் எங்கள் வீடு தேடி வந்து, “தங்கச்சி, நான் கண்ணால பாத்தேன். வாய்க்கால் கரையில பீரங்கி ஷெல் வந்து வுழுந்துச்சு. அவன் அங்கயேதான் இருந்தான். இனிமே காத்துனு இருக்காத” என்று சொன்னார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது சொன்னது. அதை நம்புவதற்கு அத்தைக்குப் பல வருஷம் பிடித்தது. கடைசியில் நம்பினாள். டைப்ரைட்டிங் படித்து, குரோம்பேட்டையில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக் கொடுக்கப் போனாள். அங்கே இருந்த மாஸ்டர் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று எங்கள் வீட்டுக்கே வந்து கேட்டார்.

தங்கமான மனுஷன். எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும். வரும்போது டைப் அடித்தே வரைந்த யானை, தென்னைமரம் எல்லாம் கொண்டுவருவார், எல்லாம் ‘எக்ஸ்’ எழுத்திலேயே. “கண்ணு, இந்த யானைக்கு வால் வெக்கறதுக்குள்ள ரிப்பன் தீந்துபோச்சு” என்பார். சாதி வேறு. எங்கள் பக்கத்தில் மறுகல்யாணம் என்ற பேச்சே கிடையாது. அப்படியும் அப்பா சரி என்றார். இன்றைக்கும் அந்த ஒரு விஷயத்துக்காக அப்பாவை மெச்சுவேன். சித்திரையில் பேச்சு முடிந்தது, ஆவணியில் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் என்று ஏற்பாடு. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தை தாலியைக் கழற்றி அம்மா கையில் கொடுத்தாள். அம்மா அழுதாள். அத்தை அழவில்லை. “அண்ணி, கழுத்து லேசா இருக்கு” என்றாள். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது வாய்விட்டுச் சிரித்தாள். அத்தைக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இதெல்லாம் நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது? அப்புறம் அந்த வாரப் பத்திரிகை வந்தது.

அப்பா மின்சார ரயிலில் வரும்போது வாங்கிவருவார். அன்றைக்கு அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பக்கம் புரட்டினாள். ‘உலகப் புகழ் பெற்ற போர்ப் படங்கள்’ என்று நாலு பக்கம். மூன்றாவது பக்கத்தில் அவள் கை நின்றுவிட்டது.  அம்மாதான் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

“அண்ணி, இங்க பாருங்க. இந்தக் கை. வெயில்ல நின்னா அவர் இப்படித்தான் வெப்பார்.”

நானும் எட்டிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அங்கே முகம் என்று ஒன்றும் கிடையாது. கண் மேல் கையின் நிழல். கீழே மீசையா அழுக்கா என்று தெரியாத ஒரு கறுப்பு. கிட்டே கொண்டுபோனால் வெறும் புள்ளிகள். வெயிலில் நின்றால் யார்தான் அப்படிக் கை வைக்க மாட்டார்கள்? பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் எல்லோரும் என் மாமாவா?

அப்பா அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பிடிபட்டவர்களில் சிலர் இன்னும் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஜெயிலில் இருக்கிறார்கள் என்று அப்போது ஒரு பேச்சு. அவருக்கு எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். “சும்மா சந்தேகத்தோட இருக்கக் கூடாதும்மா. பெரிசு பண்ணிப் பாத்துடுவோம். ஹவில்தார்கிட்ட காட்டலாம், மிலிட்டரி ஆபீஸுக்கும் அனுப்பலாம்” என்று தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து ஸ்டுடியோவுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மாடிப்படி ஏறினால் மருந்து நெடி. ஒரு மேஜையில் டச்சப்காரர் ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, ஊசி மாதிரி சீவிய பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அந்தக் காலத்தில் செத்தவர்களுக்குத் தனிப் படம் இல்லையென்றால் கல்யாண குரூப் போட்டோவிலிருந்து தலையை மட்டும் எடுத்துப் பெரிதாக்கித் தருவார்கள். மூடின கண்ணைத் திறந்துவிடுவார்கள். சட்டை இல்லாதவருக்குக் கோட்டு மாட்டுவார்கள். நம் ஊர்ப்பக்கம் பாதி வீட்டுச் சுவரில் தொங்கும் தாத்தாக்கள் அப்படி ஆனவர்கள்தான்.

அவர் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னா சார் இது, மூஞ்சியே காணோம்? இத்தப் பெர்சு பண்ணா புள்ளிதான் பெர்சாவும். வேற படம் எதுனா கீதா?”

அப்பா பையிலிருந்து அத்தையின் கல்யாண போட்டோவை எடுத்துக் கொடுத்தார். ஏன் கொடுத்தார்? இன்னும் எனக்குப் புரியவில்லை. படித்த மனுஷர். ஸ்டுடியோவில் வேறு படம் கேட்டால் கொடுப்பது வழக்கம், கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். அங்கே ஒரு யோசனையும் ஓடவில்லை.

“ஆங், இது போதும் சார். சோக்கா பண்ணிக் குட்த்துர்றேன்” என்றார் அவர்.

சோக்காகத்தான் பண்ணியிருந்தார். அடுத்த வாரம் பிரேம் போட்டு வந்த படத்தில் மாமா இருந்தார். முள்கம்பிக்குப் பின்னால், கம்பளி போர்த்தி, நடுவில் வகிர்ந்த மீசையும் தாடையில் குழியுமாக, நேற்றுத்தான் கல்யாணம் ஆனவர் மாதிரி. கைநிழலை வேறு விலக்கி இரண்டு கண்ணையும் திறந்துவிட்டிருந்தார் அந்தப் புண்ணியவான். அம்மா கற்பூரம் ஏற்றாத குறை. அப்பா குலுங்கிக் குலுங்கி அழுதார். அத்தை அம்மாவிடம் கையை நீட்டி, “அண்ணி, அதைக் குடுங்க” என்றாள். அம்மா உள்ளே போய்த் தாலியை எடுத்துவந்தாள்.

“அப்பா, இது அந்த ஸ்டுடியோக்காரர் வரைஞ்சது! நீங்கதானே கல்யாண போட்டோவைக் குடுத்தீங்க, நான் பாத்தேனே” என்று கத்தினேன்.

“வாயை மூடு. சின்னப் பொண்ணு, உனக்கென்ன தெரியும்?”

எனக்குத் தெரிந்தது அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியவில்லை, அதுதான் பிரச்சினை. சரி, பத்திரிகையில் இருக்கும் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டலாம் என்றால், அந்தத் தாளை அப்பா ஒரு மனுவோடு சேர்த்து டெல்லிக்கு அனுப்பியாயிற்று. அது போனது போனதுதான். பக்கத்து வீட்டில் கேட்டால், அவர்கள் தங்கள் பிரதியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவிலம்பாக்கம். இப்போது போனால் அபார்ட்மெண்டும் தண்ணீர் லாரியும்தான் கண்ணில் படும். அப்போது மேடவாக்கம் கூட்டு ரோட்டில் இறங்கி, வேலிக்காத்தான் புதருக்கும் வயலுக்கும் நடுவே நடந்தோம். ஹவில்தார் கிணற்றடியில் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். காலை இழுத்துக்கொண்டு வந்தார். அவர் சம்சாரம் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அப்பா படத்தை நியூஸ் பேப்பரிலிருந்து பிரித்து அவர் கையில் கொடுத்தார்.

அவர் வாங்கிப் பார்த்தார். கையில் கிரீஸ் இருந்தது, கண்ணாடியில் பட்டுவிட்டது, வேட்டியால் துடைத்தார். மறுபடி பார்த்தார்.

“இவன்தான்” என்றார். அப்புறம் தன் சம்சாரத்தைப் பார்த்து, “இவன்தான்டி. அப்போ நான் பாத்தது யாரு?” என்றார்.

“அண்ணா, நீங்க கண்ணால பாத்தேன்னு சொன்னீங்களே” என்றாள் அத்தை. கோபமாகக் கேட்கவில்லை, கெஞ்சுகிற மாதிரி கேட்டாள்.

“பாத்தேன் தங்கச்சி... பனி. விடியல. ஷெல் வுழுந்துச்சு. அவன் இருந்த எடம் அது. அவன்தான்னு...” அவர் கிணற்றடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். “நின்னு பாக்கல. ஓடுனேன். எல்லாரும் ஓடுனோம்.”

அவர் சம்சாரம் படத்தை அவர் கையிலிருந்து பிடுங்கி அப்பாவிடம் கொடுத்தாள். “போதும்ணா. ராத்திரில எழுந்து உக்காந்துக்கறது இப்பதான் கொஞ்சம் நின்னுகினு இருந்துச்சு. நீங்க கெளம்புங்க” என்றாள். எங்கள் எல்லோருக்கும் கோபம். அப்பா, “என்ன பொம்பளை!” என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். இப்போது யோசித்தால், அன்றைக்கு அங்கே புத்தியோடு பேசியது அவள் ஒருத்திதான்.

பாருங்கள், ஒரு பென்சில் எவ்வளவு தூரம் போயிற்று! சண்டையில் இருந்தவர், நேரில் பார்த்தவர், அவரே தன் ஞாபகத்தைக் கைவிட்டுவிட்டார். அவர் முதலில் சொன்னது நிஜமா, அன்றைக்குச் சொன்னது நிஜமா? இரண்டும் அரைகுறைதானோ? இத்தனை வயதுக்கு அப்புறமும் என்னால் முடிவு கட்ட முடியவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. பஸ் பாஸுக்குப் போட்டோ வேண்டும் என்று பொய் சொல்லி, அத்தையை அந்த ஸ்டுடியோவுக்கே இழுத்துக்கொண்டு போனேன். டச்சப்காரருக்கு எங்களைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரிந்தது.

“அந்த மிலிட்டரி படந்தானே? நல்லா வந்துகீதாம்மா? அந்தப் பேப்பர்ல இன்னா கீது, ஒண்ணும் கெடையாது. மூக்கு, மீசை, கண்ணு அல்லாம் நான்தான் போட்டேன். அந்தக் கல்யாணப் படத்த வெச்சிகினு. ரெண்டு நாளு வேலம்மா. கண்ணே பூத்துப்பூட்ச்சு.”

நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். அப்பாடா, முடிந்தது, இன்றைக்கே மாஸ்டர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று எனக்குக் காலே நிற்கவில்லை.

“நல்லா வந்திருக்குங்க” என்று அத்தை அவரிடம் சொன்னாள். அவ்வளவுதான். படி இறங்கி வந்ததும் நான் கையை உதறினேன்.

“அவரே சொல்லிட்டாரு இல்ல அத்தை? பொய்ப் படம்!”

“ஒண்ணும் இல்லாத எடத்துலயா வரைஞ்சாரு? அடியில ஒரு முகம் இருந்துச்சு இல்ல? அது யாரு?”

“யாரோ!”

“அந்த யாரோ உங்க மாமாவா இருக்கக் கூடாதா?”

 எனக்குக் கடுப்பில் அழுகை வந்துவிட்டது. ஸ்டேஷன் வாசலில் நின்று அழுதேன். பசிக்கிறதோ என்று அத்தை எனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தாள்!

ஆடி பிறந்ததும் மாஸ்டர் வந்தார். இந்தத் தடவை யானையும் இல்லை, தென்னைமரமும் இல்லை. அம்மா கொடுத்த காப்பி ஆடை படிந்து ஆறிப்போயிற்று. படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அவரிடமாவது சொல்லலாம் என்று நான் வாயெடுத்தேன். அம்மா என் தொடையில் நிமிண்டினாள். அப்பா என்னைக் கடைக்கு அனுப்பப் பார்த்தார். நான் நகரவே இல்லை.

“பரவாயில்லைங்க. தெளிவா ஒண்ணு தெரியற வரைக்கும் நான் காத்திருக்கேன்” என்றார் மாஸ்டர் மெதுவாக.

“எதுக்குக் காத்திருப்பீங்க சார்? அவர் வரணும்னா, வரக் கூடாதுன்னா?” என்றாள் அத்தை.

மாஸ்டர் ஆறிப்போன காப்பித் தம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். அப்புறம் எழுந்து, “வரேன் கண்ணு” என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த மாதமே சேலம் பக்கம் வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். எனக்கு அப்பாமேல் ஆத்திரம், அம்மாமேல் ஆத்திரம், போட்டோ எடுத்த வெளிநாட்டுக்காரன்மேலும் ஆத்திரம். நாலு நாள் அப்பாவோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. அந்த வாரப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவதில் மும்முரமாக இருந்தார். ‘புகழ்பெற்ற படத்தில் இருப்பவர் பம்மல் பெண்மணியின் கணவர்’ என்று அவர்களும் ஒரு பத்தி போட்டுவிட்டார்கள். அவர்களுக்கென்ன, எதைக் கொடுத்தாலும் போடுவார்கள்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தாள். ஆடி முடிய இருந்த ஒரு மத்தியானம், தனியாக. பஸ்ஸை விட்டு இறங்கி, ‘மிலிட்டரி போட்டோ வீடு எது’ என்று தெருத்தெருவாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். எழுபது வயது இருக்கும். காலெல்லாம் புழுதி. தண்ணீர் கொடுத்தோம். குடித்துவிட்டு, மஞ்சள் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். அதற்குள் அதே பக்கம். டெல்லிக்குப் போய்த் தொலைந்த அதே படம், மடிப்பு கசங்காமல்.

“எம்மா, கோச்சிக்காத. ஒன் வூட்டுக்காருன்னு போட்டுருந்துச்சி. இந்தக் கை வெச்சினு இருக்கறது எம்புள்ளம்மா. அதுவும் சண்டையில காணாமப் போனதுதான். எங்கூர்ல அல்லாரும் சொல்றாங்க. ஒரு தாட்டி நல்லாப் பாத்துச் சொல்லும்மா.”

அப்பா கம்பீரமாகச் சுவரிலிருந்து பிரேமைக் கழற்றி அவள் மடியில் வைத்தார். அந்த அம்மா குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் உதடு கோணிக்கொண்டு போவதை என்னால் பார்க்க முடியவில்லை.

“இது வேற யாரோ. எம்புள்ளைக்கு மீசையே மொளைக்கலியே” என்றாள். “அப்ப நான் இத்தினி நாளா யாரப் பாத்துனு இருந்தேன்?”

கோவிலம்பாக்கத்தில் கேட்ட அதே கேள்வி.  சொல்லித்தான் ஆக வேண்டும் என்று எழுந்தேன். அதற்குள் அத்தை அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிரேமை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். அந்தப் பத்திரிகைத் தாளை இரண்டு கையாலும் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு புள்ளியாகப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

“அம்மா, அழாதீங்க. அந்தப் படம் ஸ்டுடியோல எங்க வீட்டுக்காரர் முகத்தைப் பாத்து வரைஞ்சது. எங்க தப்பு. இதுல இருக்கறது உங்க பையன்தான். பாருங்க, மீசையெல்லாம் ஒண்ணும் இல்ல. நிழல்தான். சின்னப் பையன் முகம்.”

“நெசமாவா?”

“நெசமாத்தாம்மா.”

 அந்த அம்மா தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கவருக்குள் போட்டு, பையில் வைத்தாள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று அம்மா சொன்னதற்கு நிற்கவில்லை, ஊரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு அவசரம். அத்தை பஸ் ஏற்றிவிட்டு வந்தாள்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. எத்தனை நாளாகக் கரடியாய்க் கத்தினேன், கடைசியில் அத்தை தன் வாயாலேயே சொல்லிவிட்டாள்! செருப்பைக்கூட அவள் கழற்றவில்லை, போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அப்போ அது மாமா இல்லைன்னு ஒத்துக்கிட்டே இல்ல அத்தை? மாஸ்டருக்கு லெட்டர் போடலாமா? நான் எழுதறேன்.”

அத்தை என் தலையைத் தடவினாள்.

“அந்தம்மாவுக்கு வயசாயிடுச்சு கண்ணு. அவங்களால இனிமே காத்திருக்க முடியாது. எனக்கு இன்னும் வயசு இருக்கு” என்றாள்.

அன்றைக்கு அத்தைக்கு முப்பத்து மூன்று வயது. இப்போது அந்த அம்மாவின் வயதைத் தாண்டியாயிற்று. “உங்க வீட்டுக்காரர்தாம்மா” என்றோ, இல்லை என்றோ அவளிடம் வந்து சொல்வதற்கு இன்றுவரை ஒருத்தரும் இல்லை.